வேகத்துக்குக் கொடுக்கும் காசு

எடிட்டிங் படிக்கப் போகும் மாணவருக்கு இன்று எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அறிவுரைதான் வருகிறது: “எஸ்.எஸ்.டி. வாங்கிடு. ஹார்டு டிஸ்க்ல எல்லாம் எடிட் பண்ணவே முடியாது.” சீனியர் சொல்கிறார், கடைக்காரர் சொல்கிறார், யூடியூபில் டிஸ்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறவரும் அதையே சொல்கிறார். கள்ளக்குறிச்சி மாவட்டத்து மூங்கில்துறைப்பட்டிலிருந்து பஸ் ஏறித் திருவண்ணாமலைக்கோ சென்னைக்கோ விஸ்காம் படிக்கப் போகும் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் வந்து நிற்கிறது. ஆலையிலிருந்து கரும்புப் பணம் வந்ததும் பார்க்கலாம் என்கிறார் அப்பா. பணம் வந்ததும் பெட்டியில் பெரிய எண் போட்ட டிஸ்க் ஒன்று வாங்கப்படுகிறது. ஒன்றே ஒன்று. அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பிள்ளை படம் பிடிக்கும் அத்தனையும் அந்த ஒன்றுக்குள்தான் கிடக்கப் போகிறது.

இந்த அறிவுரை தவறு. கணக்கிலும் தவறு, நோக்கத்திலும் தவறு. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள் என்றாலும், ஒருமுறைதான் செலவழிக்க முடிகிற குடும்பத்தின் பணத்தை அது தேவையில்லாத இடத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது. தேவையான இடத்தை வெறுமையாக விடுகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வேகத்துக்காக வாதிடுகிறவர்கள் இரண்டு எண்களை எடுத்து வைக்கிறார்கள். யூ.எஸ்.பி. 3.0 கேபிளில் ஓடும் சாதாரண இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 முதல் 130 எம்பி வரை படிக்கும். நிரம்ப நிரம்ப இது ஓரளவு குறையும். கையடக்க எஸ்.எஸ்.டி. நொடிக்கு 1,000 எம்பி படிக்கும். ஆக, எடிட்டிங்கும் எட்டுப் பத்து மடங்கு வேகமாக ஓடும் என்கிறார்கள். எண்கள் இரண்டும் சரி. மூன்றாவதாக ஒரு எண் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. மாணவர் எடுக்கும் வீடியோ நொடிக்கு எத்தனை எம்பி கேட்கிறது?

ஐபோனில் 4கே, 30 ஃபிரேம் என்று வைத்து எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி என்று அந்தப் போனின் செட்டிங்ஸ் பக்கத்திலேயே ஆப்பிள் எழுதியிருக்கிறது. 60 ஃபிரேம் என்றால் 400 எம்பி. அறுபதால் வகுத்துப் பார்த்தால் முன்னதற்கு நொடிக்கு 3 எம்பி, பின்னதற்கு 7 எம்பி போதும். மாணவர் குழுக்களில் கைமாறிக்கொண்டே இருக்கும் சோனி ஏ6400 வகைக் கேமரா 4கேயில் அதிகபட்சம் நொடிக்கு 100 மெகாபிட் எழுதும். எட்டால் வகுத்தால் 12.5 எம்பி. ஒரு தெருக்கூத்தை மூன்று கேமரா வைத்து எடுத்து, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக டைம்லைனில் போட்டாலும் 37.5 எம்பிதான். எடிட் பண்ணவே முடியாது என்று ஒதுக்கப்படும் ஹார்டு டிஸ்க் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு தரும்.

கார்டிலிருந்து இறக்கும்போதாவது வேகம் உதவாதா என்று கேட்கலாம். பெரும்பாலான மாணவர் கையில் இருப்பது யூ.எச்.எஸ்.-1 வகை எஸ்.டி. கார்டு. அந்த வகையின் உச்ச வரம்பே நொடிக்கு 104 எம்பி. கார்டு 90 எம்பி தந்தால் 64 ஜிபி இறங்க 12 நிமிடம் ஆகும். எதிரே இருப்பது ஹார்டு டிஸ்காக இருந்தாலும் 12 நிமிடம்தான், உயர்விலை எஸ்.எஸ்.டி.யாக இருந்தாலும் 12 நிமிடம்தான். கார்டைத் தாண்டி எந்த டிஸ்கும் ஓட முடியாது.

“அப்புறம் ஏன் சார் லேக் ஆகுது?” என்ற கேள்வி நியாயமானது. டைம்லைன் திக்கித் திக்கி ஓடுவதும், கர்சரை நகர்த்தினால் படம் உறைந்து நிற்பதும் எல்லா மாணவரும் படும் பாடு. ஆனால் அதற்குக் காரணம் டிஸ்க் அன்று. போனும் கேமராவும் எச்.264, எச்.265 என்ற முறைகளில் படத்தைச் சுருக்கி எழுதுகின்றன. அதில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. இடையிடையே ஒரு ஃபிரேம்தான் முழுப்படம். மற்றவற்றில் முன்பின் ஃபிரேம்களிலிருந்து எது மாறியது என்ற குறிப்பு மட்டும் இருக்கும். கர்சரை எங்கோ நடுவில் வைத்தால், கணினி பின்னோக்கிப் போய் முழுப்படத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொரு குறிப்பாகச் சேர்த்து அந்த ஒரு ஃபிரேமை மறுபடி உருவாக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது பிராசஸரும் கிராஃபிக்ஸும். அவை மூச்சு வாங்கும்போது டிஸ்க் சும்மா காத்துக்கொண்டிருக்கிறது.

இதை யாரையும் நம்பி ஏற்க வேண்டியதில்லை. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தை வைத்துக்கொண்டு, திக்கும் டைம்லைனை ஓடவிட்டுப் பார்க்கலாம். பிராசஸர் 100 விழுக்காட்டைத் தொட்டுக்கொண்டும் டிஸ்க் பத்தைக்கூடத் தாண்டாமலும் இருந்தால், புது டிஸ்க் வாங்கினாலும் அந்த டைம்லைன் திக்கத்தான் செய்யும். காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. இரண்டு நிமிட வேலை; கடையில் யாரும் செய்து காட்டுவதில்லை.

ஹார்டு டிஸ்கின் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதற்குள் ஒரு தட்டு சுழல்கிறது, ஒரு முனை அங்குமிங்கும் நகர்ந்து படிக்கிறது. ஒரு பெரிய கோப்பை ஒரே ஓட்டமாகப் படிப்பதில் அதற்குச் சிரமமில்லை. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தாவித் தாவிப் படிக்கச் சொன்னால் தடுமாறும். எடிட்டிங் மென்பொருள் உருவாக்கும் கேஷ், தம்ப்நெயில், ஆடியோ அலை வடிவம் எல்லாம் அப்படிப்பட்ட சிறு கோப்புகள். ஹார்டு டிஸ்கில் எடிட் செய்து நொந்துபோனவர்கள் பொய் சொல்லவில்லை. கேஷையும் அதே டிஸ்கில் வைத்திருப்பார்கள். மருந்து எளிது. மென்பொருளின் செட்டிங்ஸில் கேஷ் இருக்கும் இடத்தை லேப்டாப்பின் உள் டிஸ்குக்கு மாற்ற வேண்டும். இன்றைய லேப்டாப்களில் உள்ளே இருப்பது எஸ்.எஸ்.டி.தான். கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்த திட்டத்துக்கு அரசு நிறுவனமான எல்காட் கேட்ட லேப்டாப்பிலும் 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. என்றே இருந்தது. எடிட்டிங்குக்கு வேண்டிய வேகமான டிஸ்க் ஏற்கெனவே மடியில் இருக்கிறது. அதே பொருளுக்கு வெளியே இன்னொரு முறை காசு கொடுக்கச் சொல்வதுதான் இன்றைய அறிவுரை.

256 ஜிபி போதுமா என்றால், புராக்ஸி முறையில் போதும். ஒவ்வொரு கிளிப்புக்கும் சிறியதாக ஒரு நகல் எடுத்து, அந்த நகல்களை வைத்து வெட்டி ஒட்டி முடித்து, கடைசியில் ரெண்டர் எடுக்கும்போது அசலை இணைப்பது புராக்ஸி. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே இந்த வசதி உண்டு. நொடிக்கு 10 மெகாபிட் அளவில் நகல் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 4.5 ஜிபி; ஐந்து மணி நேர ஃபுட்டேஜ் 22.5 ஜிபிக்குள் அடங்கும். பிராசஸருக்கும் சுமை குறைவதால் திக்கலும் பெருமளவு நின்றுவிடும். அசல் கோப்புகள் ஹார்டு டிஸ்கில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

இது புதிய தந்திரமும் இல்லை. ஃபிலிம் ஓடிய காலத்தில் கோடம்பாக்கம் இப்படித்தான் வேலை செய்தது. கேமராவிலிருந்து வரும் நெகட்டிவ் நேராக லேபுக்குப் போகும். ஏவி.எம்., ஜெமினி, பிரசாத் என்று லேபுகள் இருந்தன. அங்கே நெகட்டிவைக் கழுவி, அதிலிருந்து ஒரு ரஷ் பிரிண்ட் போட்டு எடிட்டருக்குக் கொடுப்பார்கள். எடிட்டர் மூவியோலாவில் ஓட்டிப் பார்த்து, வெட்டி, டேப் போட்டு ஒட்டி, பிடிக்காமல் பிரித்து, மறுபடி ஒட்டி, கீறலும் கைரேகையும் விழ விழ உழைத்ததெல்லாம் அந்த ரஷ் பிரிண்ட்மேல். நெகட்டிவை அவர் தொடமாட்டார். படம் முடிவான பிறகு, ஃபிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களை ஒத்துப் பார்த்து, கையுறை போட்ட இன்னொருவர் நெகட்டிவை வெட்டுவார். எத்தனை தடவை மாற்றி வெட்டினாலும் எடிட்டர் கை நடுங்கவில்லை என்றால், அசல் வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியம்தான் காரணம்.

கேசட் வந்த பிறகும் அந்தப் பாதுகாப்பு ஒருவழியாகத் தொடர்ந்தது. மினி டிவி டேப்பிலிருந்து கணினிக்கு ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். கணினி செத்துப்போனாலும் டேப் அலமாரியில் இருக்கும், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். கல்யாண வீடியோ எடுத்த ஸ்டுடியோக்களில் அட்டையில் மாப்பிள்ளை பெண் பெயர் எழுதிய கேசட்டுகள் வருடக்கணக்கில் அடுக்கியிருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மெமரி கார்டு வந்ததும் அந்தப் பாதுகாப்பு அறுந்தது. மறுநாள் ஷூட்டுக்குக் கார்டு வேண்டும். ஆகவே இரவே ஃபுட்டேஜை டிஸ்கில் டம்ப் பண்ணிவிட்டு, கார்டை ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். அந்தப் பொத்தானை அழுத்திய நொடியிலிருந்து நெகட்டிவ் என்று உலகத்தில் இருப்பது அந்த டிஸ்க் ஒன்றுதான். சினிமா நூறாண்டாகத் தனித்தனியாக வைத்திருந்த நெகட்டிவும் ரஷ் பிரிண்டும் மாணவரின் பைக்குள் ஒரே பொருளாகிவிட்டன. ஃபிலிம் எடிட்டர் துணியாத ஒன்றை, பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒவ்வொரு நாளும் செய்துகொண்டிருக்கிறது. டிஸ்க் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் பிறக்கிறது. எவ்வளவு வேகம் என்பது பின்னால் வரட்டும். இது செத்துப்போனால் எங்கே இன்னொன்று இருக்கிறது?

வேகக் கட்சியின் பதில் “எஸ்.எஸ்.டி.யில அசையுற பாகமே இல்ல, அது சாகாது” என்பது. கீழே விழுந்தால் ஹார்டு டிஸ்கைவிட எஸ்.எஸ்.டி. நன்றாகத் தாங்கும் என்பது மெய். சாகாது என்பது மெய்யில்லை. 2023-இல் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் வரிசை எஸ்.எஸ்.டி.களில் சில மாடல்கள் திடீரென்று கணினியில் தெரியாமல் போய், உள்ளே இருந்ததெல்லாம் அழிந்ததாக உலகம் முழுவதிலிருந்தும் புகார் வந்தது. படம் எடுப்பவர்கள் விரும்பி வாங்கிய வரிசை அது. அப்போது அந்தப் பிராண்டை வைத்திருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டது. அமெரிக்காவில் வழக்குகள் தொடரப்பட்டன. தொழில்நுட்ப இதழான ‘தி வெர்ஜ்’, பழுதானதற்குப் பதிலாக வந்த டிஸ்கும் செத்து, தன் வீடியோ ஊழியர் ஒருவர் எடுத்த 3 டிபி காட்சிகள் போயின என்று அதே ஆண்டு ஆகஸ்டில் எழுதியது. சம்பளம் வாங்கும் தொழில்முறைக்காரர்களுக்கு நடந்தது இது. அவர்கள் மெதுவான டிஸ்க் வாங்கி ஏமாறவில்லை.

ஹார்டு டிஸ்கும் சாகும். லட்சக்கணக்கான டிஸ்க்குகளை இரவு பகலாக ஓட்டி, எத்தனை செத்தன என்று வருடா வருடம் வெளியிடுகிறது பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம். 2024-இல் அதன் கணக்கு 1.57 விழுக்காடு. குளிரூட்டிய அறையில், அசையாத அலமாரியில், ஆட்கள் பார்த்துக்கொள்ளும் டிஸ்க்குகளின் கதி இது. பஸ்ஸிலும் பைக்கிலும் ஹாஸ்டல் கட்டிலுக்கடியிலும் வாழும் டிஸ்குக்கு இதைவிட நல்ல எண்ணை எதிர்பார்க்க முடியாது.

தொலைவது வேறு கதை. ‘கண்ணப்பா’ தெலுங்குப் படத்தின் கிராஃபிக்ஸ் காட்சிகள் அடங்கிய ஹார்டு டிஸ்க் மும்பையிலிருந்து கூரியரில் அனுப்பப்பட்டு, ஹைதராபாத்தில் கைமாறும்போது காணாமல் போனதாக 2025 மே மாதம் போலீசில் புகார் ஆனது. பெரிய பட்ஜெட்டில் எடுத்த படத்துக்கே அந்த நிலை. டிஸ்கின் வேகமோ விலையோ பிராண்டோ அந்த இடத்தில் எதற்கும் உதவாது.

மூங்கில்துறைப்பட்டுக்காரருக்கு இன்னொன்றும் தெரியும். சாத்தனூர் அணைக்குக் கீழே தென்பெண்ணைக் கரையில் இருக்கும் ஊர் அது. ஃபெஞ்சல் புயல் மழையில் 2024 டிசம்பர் 2 அதிகாலை அந்த அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது. அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே திறந்து மூன்று மாதமே ஆகியிருந்த பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போனது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் இரவில் ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் தேடுவார்கள்; டிஸ்க் கடைசியில்தான் நினைவுக்கு வரும். இரண்டாவது பிரதி வேறொரு வீட்டில், முடிந்தால் வேறொரு ஊரில் இருக்க வேண்டும் என்பதை இந்த ஆற்றங்கரையில் எடுத்துச் சொல்ல வேண்டியதே இல்லை. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 2005-இல் வந்த தம் புத்தகத்தின் வழியாகப் பரப்பிய விதியிலும் இது உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில்.

தொலைந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்பவர்கள், மாணவர் எடுப்பது எது என்று பார்க்க வேண்டும். மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அரவை தொடங்கியதும் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்பதை எடுத்திருந்தால், அது போனபின் அடுத்த அரவைப் பருவம் வரை காத்திருக்க வேண்டும். கல்வராயன் மலையேறி வெள்ளிமலைப் பக்கம் கடுக்காய் பொறுக்கும் மூதாட்டியிடம் மலையாளிப் பழங்குடிகளின் பழைய கதைகளைக் கேட்டுப் பதிவு செய்திருந்தால், அடுத்த ஆண்டு அவர் இருப்பாரா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஸ்டுடியோ செட்டில் எடுத்த காட்சியை மறுபடி எடுக்கலாம். ஆவணப்படத்தில் அந்தச் சலுகை கிடையாது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தைப் பற்றி வெளியார் எடுத்த செய்திப் படங்கள் 2024 ஜூனில் கள்ளச்சாராயச் சாவுகளின்போது உலகமெங்கும் போயின. அந்த மண்ணில் பிறந்தவர்களே எடுக்கும் படங்கள் அரிது. அவையும் ஒரு கேபிள் இழுப்பில் அழிந்துபோனால் நட்டம் அந்த மாணவரோடு நிற்காது.

“எல்லாத்தையும் கிளவுட்ல போடு” என்பது இன்னொரு தரப்பு. பெங்களூரில் ஃபைபர் இணைப்போடு உட்கார்ந்திருப்பவருக்கு அது நல்ல யோசனை. மொபைல் டேட்டாவை நம்பி இருப்பவருக்குக் கணக்கு இப்படி வரும்: நொடிக்கு 5 மெகாபிட் ஏறினால் 64 ஜிபி கார்டு ஒன்றை ஏற்ற 28 மணி நேரம் வேண்டும். நாளுக்கு 2 ஜிபி பேக்கில் அதே கார்டு 32 நாளைத் தின்னும். கூகுள் இலவசமாகத் தரும் இடமோ 15 ஜிபி. கட்டணம் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்ற கவலை வேறு. அதைவிட, 2015 வரை பயனர்கள் ஏற்றியிருந்த பாட்டு, படம், வீடியோ எல்லாம் சர்வர் மாற்றத்தில் அழிந்துபோனதாக மைஸ்பேஸ் 2019-இல் ஒப்புக்கொண்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முடித்த படத்தையும் புராஜெக்ட் கோப்பையும் கிளவுடில் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். புராஜெக்ட் கோப்பு சில எம்பிதான். வாரக்கணக்கில் செய்த வெட்டு ஒட்டு முழுவதும் அதற்குள் இருக்கிறது. நெகட்டிவுக்குக் கிளவுட் ஆகாது.

எஸ்.எஸ்.டி. அவசியமான இடமும் உண்டு. ஐபோன் புரோவில் ப்ரோரெஸ் முறையில் 4கே எடுத்தால் நிமிடத்துக்கு 6 ஜிபி, அதாவது நொடிக்கு 100 எம்பி. ஹார்டு டிஸ்க் அங்கே மூச்சுத் திணறும். போனிலிருந்தே நேராக வெளி டிஸ்கில் பதிவு செய்வதென்றாலும் எஸ்.எஸ்.டி.தான் வழி. சினிமா கேமராவை வாடகைக்கு எடுத்து ரா கோப்புகளில் வேலை செய்யும் கடைசி ஆண்டு மாணவருக்கும் அது வேண்டும். பைக்கில் மலையேறி இறங்குகிறவரின் பயணப் பையிலும் எஸ்.எஸ்.டி. இருப்பது நல்லது; சுழலும் தட்டுக்கு அந்தக் குலுக்கல் ஆகாது. வெயிலும் அப்படியே. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் ஹார்டு டிஸ்கை 5 முதல் 35 டிகிரிக்குள் இயக்கச் சொல்கிறது அதன் விவரத்தாள். கத்திரி வெயிலில் தகர ஷீட் போட்ட அறைக்குள் பகலில் அந்த வரம்பு எளிதில் தாண்டிவிடும். காப்பி எடுப்பதை இரவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். டிஸ்கைத் துணிக்கடியிலோ பைக்குள்ளோ வைத்து ஓடவிடக் கூடாது.

ஆனால் அலமாரியில் வைத்துப் பல ஆண்டு காக்க எஸ்.எஸ்.டி. ஏற்றதல்ல. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அதன் செல்களிலிருந்து மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த எஸ்.எஸ்.டி., மின்சாரமின்றி 30 டிகிரியில் ஓராண்டு தாங்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் அமைப்பு பொதுப் பயனர்களின் டிஸ்க்குகளுக்கு வகுத்திருக்கும் அளவுகோல். புது டிஸ்க் அதைவிட நெடுநாள் தாங்கும். வெப்பம் கூடக் கூட அந்தக் காலம் சுருங்கும். நம் ஊர் அலமாரிக்குள் 30 டிகிரி என்பது குளிர்கால நிலவரம்.

அப்படியானால் வாங்குவது எதை? ஜிபிக்கு இவ்வளவு என்று பார்த்தால் கையடக்க எஸ்.எஸ்.டி. பல ஆண்டுகளாகவே ஹார்டு டிஸ்கைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ விலையில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொள்ளத் தொடங்கியதில் நிலைமை இன்னும் இறுகியது. க்ரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்பதையே 2026 பிப்ரவரியோடு நிறுத்துவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. 2 டிபி எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு வைத்திருக்கும் பணத்தில் 2 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு கிடைக்கும் நிலைதான் பொதுவாக இருந்து வருகிறது. இரண்டையும் ஒரே நாளில் ஒரே மாடலில் வாங்காமல் வேறு வேறு நிறுவனத்தில் வாங்குவது நல்லது. ஒரே தயாரிப்புக் குறை இரண்டையும் சேர்த்துக் கொல்லாமல் இருக்கும்.

இந்தக் கையடக்க ஹார்டு டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்.எம்.ஆர். வகை. எழுதும் தடங்கள் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அழித்து அழித்து எழுதினால் வேகம் விழுந்துவிடும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசை டிஸ்க்குகள் சிலவற்றில் இந்த முறையைச் சொல்லாமல் புகுத்தியது தெரிந்து பெரிய சர்ச்சையானது. மாணவருக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை, கேஷையும் புராக்ஸியையும் அதில் வைக்காதவரை. ஃபுட்டேஜை ஒருமுறை எழுதிவிட்டுப் பலமுறை படிப்பதற்கு அந்த டிஸ்க் பொருத்தமானதே.

கேபிளையும் போர்ட்டையும் பார்க்காமல் டிஸ்கைத் திட்டக் கூடாது. யூ.எஸ்.பி. 2.0 போர்ட்டில் செருகினால் எந்த டிஸ்காக இருந்தாலும் நொடிக்கு 30, 40 எம்பிதான் வரும். பெட்டியில் 2,000 எம்பி என்று போட்ட எஸ்.எஸ்.டி.யை 5 கிகாபிட் போர்ட் உள்ள லேப்டாப்பில் செருகினால் 450-ஐத் தாண்டாது. மீதி வேகத்துக்குக் கொடுத்த காசு வீண். ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு 16 டிபி என்று விற்கும் எஸ்.எஸ்.டி.களோ முழு மோசடி. உள்ளே சிறிய மெமரி கார்டு ஒன்றை வைத்துப் பெரிய எண் காட்டுமாறு செய்திருப்பார்கள். நிரம்பியதும் பழையதன்மேலேயே எழுதும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கொண்டு முழு டிஸ்கையும் எழுதிப் படித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். புது டிஸ்க் எதுவானாலும் முதல் வேலை அந்தச் சோதனைதான். பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும். வாரண்டி டிஸ்குக்குத்தான், உள்ளே இருக்கும் படத்துக்கு இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

விண்டோஸில் மட்டும் வேலை செய்கிறவர் டிஸ்கை என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் செய்வது நல்லது. கல்லூரி லேபில் மேக் இருந்தால் எக்ஸ்ஃபேட் தேவைப்படும்; அது நடுவில் கேபிளை உருவினால் எளிதில் குழம்பும் ரகம், ஆகவே எஜெக்ட் கொடுக்காமல் உருவவே கூடாது. கார்டிலிருந்து முதல் டிஸ்குக்கு, பிறகு கார்டிலிருந்தே இரண்டாவது டிஸ்குக்கு என்று எடுக்க வேண்டும். முதல் டிஸ்கிலிருந்து இரண்டாவதுக்கு எடுத்தால் முதலில் நேர்ந்த பிழையும் கூடவே போகும். டெராகாப்பி போன்ற மென்பொருள் காப்பி முடிந்ததும் இரண்டும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்க்கும். அது சரி என்று காட்டும்வரை கார்டை ஃபார்மட் செய்யக் கூடாது. இரண்டாவது டிஸ்க் எந்நேரமும் லேப்டாப்பில் தொங்கக் கூடாது. ஊரிலோ உறவினர் வீட்டிலோ போய்ச் சேர வேண்டும்.

ஒரு டிஸ்குக்குத்தான் பணம் இருக்கிறது என்பவர்களும் பலர். அவர்களும் ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, அதே நிலையில் உள்ள வகுப்புத் தோழரோடு கைகோக்கலாம். அவர் டிஸ்கில் இவர் பிரதி, இவர் டிஸ்கில் அவர் பிரதி. செலவே இல்லாத காப்பீடு இது. 1 டிபி எஸ்.எஸ்.டி. வாங்கியவரிடம் அதற்கு இடம் மிஞ்சாது.

கல்லூரிகளுக்கும் இதில் கடமை உண்டு. லட்சக்கணக்கில் கேமராவும் லைட்டும் வாங்கும் துறை, மாணவர் ஃபுட்டேஜின் இரண்டாம் பிரதியை வைக்க மேசைக் கணினியில் மூன்றரை அங்குலப் பெரிய டிஸ்க்குகள் இரண்டைப் போட்டு வைக்கலாம். புராஜெக்ட் சமர்ப்பிக்கும்போது முடித்த படத்தோடு அசல் ஃபுட்டேஜையும் கேட்டு வாங்கி அங்கே சேர்க்கலாம். வரும் ஜூனில் முதலாண்டு மாணவருக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று சொல்லும் ஆசிரியர்கள், எஸ்.எஸ்.டி. ஒன்று என்று சொல்வதை நிறுத்திவிட்டு, 2 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு என்று சொல்ல வேண்டும்.